அதையும் நம்பாதே

என் அண்ணன் சுங்கை பினாங்கில் ஓர் அடுக்குமாடியின் ஏழாவது மாடியில் தனியாக இருந்தான். மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டியவன். சம்சுச் சாராயம் குடித்துவிட்டு வேலைக்குப் போய் அந்த வேலையை இழந்தான். மனைவியும் போய்விட்டாள். கடைசியில் அவனுக்கு மிஞ்சிய உறவு, தங்கை நான் ஒருத்திதான்.

பொய் அவனுக்குச் சரளமாக வரும். ஒருமுறை நான் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது போன் செய்து, நெஞ்சு வலிக்கிறது என்றான். பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, காடியை ஓட்டிக்கொண்டு விரைந்தேன். கீழ்த்தளத்து சிமெண்டு பெஞ்சில் நண்பர்களோடு சிரித்துக்கொண்டிருந்தான். தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போக அவர்களுக்கு என் காடி வேண்டியிருந்ததாம். இன்னொரு முறை குளியலறையில் விழுந்து கால் முறிந்துவிட்டது என்றான். அதுவும் பொய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அபூர்வமாகக் குடிக்காமல் இருந்தான். நான் வாங்கிப்போன தோசையைப் பிட்டுக்கொண்டே, "தங்கச்சி, இனிமே நான் சொல்ற எதையும் நம்பாதே. வாயத் தொறந்தா பொய்தான் லா" என்றான். கண் கலங்கியிருந்தது. இன்னொரு தோசையை எடுத்து வைத்தேன்.

நான் கணித ஆசிரியை. நான்காம் படிவ மாணவர்களுக்குத் தர்க்கம் பற்றி ஒரு பாடம் உண்டு. மெய்யா பொய்யா என்று தீர்மானிக்க முடிகிற வாக்கியத்துக்குத்தான் கூற்று என்று பெயர். அந்த வாரம் அதைத்தான் நடத்திக்கொண்டிருந்தேன். அண்ணன் சொன்னதைக் கொஞ்சம் இறுக்கி, 'நான் இப்போது சொல்வது பொய்' என்று பலகையில் எழுதினேன். அது மெய் என்றால், அது சொல்கிறபடியே பொய். பொய் என்றால், அது சொல்வது சரியாகிவிடுகிறது, ஆகவே மெய். வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. ஒரு குடிகாரர் கொடுத்த கணக்கு இது என்று சொல்லி நானும் சிரித்தேன். அந்தக் குடிகாரர் யார் என்று சொல்லவில்லை.

இரண்டு மூன்று மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளி இடைவேளையில் அவனிடமிருந்து போன் வந்தது.

"நெஞ்சு வலிக்குது தங்கச்சி. வாயேன்."

"எனக்கு கிளாஸ் இருக்கு அண்ணே."

"பொய் இல்ல. சத்தியமா."

பொய் சொல்கிறவனும் இதைத்தானே சொல்வான்? "எதையும் நம்பாதேன்னு நீதானே சொன்னே?" என்றேன்.

போனில் அவன் மூச்சுச் சத்தம் கேட்டது. "ஆமா, சொன்னேன். அதையும் நம்பாதே."

நான் சிரித்துவிட்டேன். கெட்டிக்காரத்தனமான பதில் என்றுதான் தோன்றியது. சாயங்காலம் வருகிறேன் என்று போனை வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன்.

பிற்பகலில் அவனைப் பார்த்தது பக்கத்து வீட்டு அக்கா. இரும்புக் கதவைத் திறந்துபோட்டு அதன் மேலேயே சாய்ந்து கிடந்திருக்கிறான். ஒரு காலில் செருப்பு. தானாகவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருக்க வேண்டும். நான் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

"ஒங்களுக்குக்கூட போன் பண்ணலையா டீச்சர்?" என்று அக்கா அழுதார்.

"இல்லக்கா" என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது.

அந்தச் சொல்லோடு கருமாதிவரை இருந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. கருமாதியன்று, பந்தி முடிந்து எல்லாரும் போனபிறகு, சமையல்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்காவிடம் சொன்னேன்.

"அண்ணன் போன் பண்ணுச்சுக்கா. நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லுச்சு. நான்தான் போகல."

அவர் குழாயை மூடினார். என் முகத்தையே பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"பண்ணலன்னு அன்னிக்கே சொன்னீங்களே டீச்சர். துக்கத்துல என்னென்னமோ தோணும். உங்க மேலயே பழியப் போட்டுக்காதீங்க" என்றார்.

"அன்னிக்குச் சொன்னதுதான் பொய்க்கா."

"சரி, சரி. அழாதீங்க."

தட்டில் கொஞ்சம் சோறு போட்டு, ரசம் ஊற்றிப் பிசைந்து, குழந்தைக்குக் கொடுப்பதுபோல ஓர் உருண்டையை என் கையில் வைத்தார். சாப்பிட்டேன்.