சமையலறைப் பெரட்டு

போன வருடக் கடைசி, மழைக்காலம். பெடாஸுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் எங்கள் வீடு. நானும் என் ஓரகத்தியும், அதாவது கொழுந்தனாரின் மனைவியும், ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். இரண்டு பேருமே நர்ஸ். ஜெர்மனியில் மருத்துவமனை வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நான்தான் முதலில் நீலாயில் ஜெர்மன் வகுப்புக்குப் போனேன். மொழித் தேர்வில் தேறினால்தான் வேலை. முதல் தடவை எனக்குப் புட்டுக்கொண்டது. இரண்டாம் தடவையும் போனால் அந்த வேலை அவ்வளவுதான்.

இந்த நேரத்தில்தான் என் ஓரகத்தி நானும் வரேன் என்று கிளம்பினாள். ரஹாங்கில் வளர்ந்த டவுன் பெண். வந்த கொஞ்ச நாளில் வகுப்பிலேயே அவள்தான் முதல் ஆள். எழுதச் சொன்னால் ஒரு பிழை இருக்காது. டீச்சர் அவள் தாளைத் தூக்கிக் காட்டும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டுக்கு வந்தால் மாமியார். ஞாயிற்றுக்கிழமை ஜெபக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து, "என் சின்ன மருமக பரீட்சைல பாஸ் ஆவணும் ஆண்டவரே" என்று வேண்டிக்கொண்டார். நானும் அதே பரீட்சைதானே எழுதுகிறேன்! ஆண்டவர் காதில் என் பெயர் விழக்கூடாதா? அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

என்னைப் பாடாய்ப் படுத்தியது இறந்த காலம். மலாய் மொழியில் வினைக்கு முன்னால் ஒரு 'சுடா' போட்டால் எல்லாம் முடிந்த கதையாகிவிடும். ஜெர்மனில் அந்தப் பாச்சா பலிக்காது. பாதி வினைச்சொற்கள் சாது. ஆங்கிலத்தில் 'குக்', 'குக்ட்' என்று கடைசியில் 'ட்' வருவது போல, இதில் ஒரு 'தெ' வந்து ஒட்டிக்கொள்ளும். சமைப்பதற்குக் கோஹென், சமைத்தால் கோஹ்தெ. வாங்குவதற்குக் கௌஃபென், வாங்கினால் கௌஃப்தெ. ஆங்கிலமும் ஜெர்மனும் ஒரே குடும்பத்து மொழிகள், சாயல் இருக்கத்தான் செய்யும் என்பார் டீச்சர். மற்ற பாதி அடங்காப்பிடாரிகள். 'ட்ரிங்க்', 'ட்ராங்க்' என்று வயிற்றுக்குள்ளேயே மாறுகிற கூட்டம். இங்கே ட்ரிங்கென், ட்ராங்க். போவதற்குக் கேயென், போனால் கிங். எதை எங்கே பிடிப்பது?

என் அப்பா இந்தத் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்தவர். விடியற்காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பில், நின்று ஒவ்வொரு ஆளாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிட்டதும் ஆள் குரல் கொடுக்க வேண்டும். அந்தச் சத்தத்தில் எழுந்து வளர்ந்தவள் நான். எனவே சமையலறையில் வினைச்சொற்களுக்கே பெரட்டு எடுக்க ஆரம்பித்தேன். காலையில் வெங்காயம் அரிந்துகொண்டே, "கோஹென்!" என்று அதட்டுவேன். "கோஹ்தெ!" என்று நானே பதில் கொடுப்பேன். "கேயென்! எங்க போயித் தொலஞ்ச?" "கிங்!" அந்தச் சாதுக் கூட்டம் ஒழுங்காக வரிசையில் வந்து நிற்கும். அடங்காப்பிடாரிகளுக்குத்தான் திட்டு விழும்.

"இவளுக்கு என்னமோ ஆயிருச்சு லா" என்று மாமியார் தலையில் அடித்துக்கொள்வார். சமையலறைக்கு அடுத்தது ஓரகத்தியின் அறை. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அங்கிருந்து ஒரு சத்தமும் வராது. மகாராணி அமைதியாகப் படிக்கிறாளாக்கும் என்று நான் இன்னும் ஓங்கிக் கத்துவேன்.

தேர்வு நாள் வந்தது. பேச்சுத் தேர்வுக்கு ஜோடி ஜோடியாக உள்ளே அனுப்பினார்கள். எனக்கு வாய்த்த ஜோடி யார் தெரியுமா? அவளேதான். செத்தேன், என்னை ஒரு வார்த்தை பேச விடமாட்டாள் என்று நினைத்தேன். போன விடுமுறையில் என்ன செய்தீர்கள் என்று இருவரும் பேசிக்கொள்ள வேண்டும். அவள்தான் ஆரம்பிக்க வேண்டும்.

அவள் ஆரம்பிக்கவில்லை. வாயைத் திறந்தாள், மூடினாள். முகம் வெளுத்துவிட்டது. பொய் சொல்வானேன், முதலில் எனக்கு உள்ளே குளுகுளு என்றுதான் இருந்தது. அடுத்த நொடியே சுரீர் என்றது. இவள் பேசாவிட்டால் நான் யாரோடு பேசுவது? இரண்டு பேருக்கும் சேர்த்துச் சங்குதான்.

என்ன செய்வதென்று தெரியவில்லை. வாயில் வந்தது பெரட்டுதான். விடுமுறையில் என்ன சமைத்தாய் என்று ஜெர்மனில் கேட்டேன். கேட்டேனா, அதட்டினேன்! என் அப்பா குரல் அப்படியே வந்துவிட்டது. தேர்வாளர் அம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தார். அவளோ தூக்கத்தில் கூப்பிட்ட ஆள் மாதிரி, "கோஹ்தெ!" என்றாள். பிறகு முழு வாக்கியம் வந்தது. எங்கே போனாய் என்றேன். "கிங்!" என்றாள். அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. நானும் விடாமல் பேசினேன்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எழுதச் சொன்னா எழுதிருவேன். ஆள் முன்னால வாய் தொறந்தா எனக்கு நாக்கு ஒட்டிக்கும். தெனமும் நீங்க குசினில கூப்பிடறப்போ, சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னு வாய்க்குள்ளயே பதில் சொல்லுவேன்."

"ஏண்டி, வெளிய வந்து சத்தமா சொல்றதுக்கென்ன?"

"வெக்கமா இருந்துச்சு. பொறாமையாவும் இருந்துச்சுக்கா. நீங்க தப்பா சொன்னாலும் என்னா தைரியமா சொல்றீங்க! ராத்திரில உங்க கொழுந்தன்கிட்ட சொல்லி அழுதிருக்கேன்."

என்னைப் பார்த்து ஒருத்திக்குப் பொறாமையா? அதுவும் இவளுக்கா?

இரண்டு பேரும் தேறிவிட்டோம். மதிப்பெண் அவளுக்குத்தான் கூட. வயிறு கொஞ்சம் எரிந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். இப்போது விசாவுக்காகக் காத்திருக்கிறோம். காலையில் சமையலறையில் நான் கூப்பிட, அவள் வெளியே வந்து நின்று சத்தமாகப் பதில் சொல்கிறாள். மாமியார் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டுகிறார்.

யாரைப் பார்த்தாவது எனக்கு வயிறு எரியும்போதெல்லாம், சுவருக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்து யாருக்கு எரிகிறதோ என்று இப்போது ஒரு தரம் எட்டிப் பார்க்கத் தோன்றுகிறது.