தனி ஆளுக்கு ஒரு அறை

மா கும்ரே அக்கா எங்கள் ஆஸ்பத்திரிச் சமையலறைக்கு வேலைக்கு வந்தபோது அவளுக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. மலைமேல் இருக்கும் தேபெக்கில் ஒரு தொடக்கப் பள்ளியில் வெகுகாலம் சமைத்தவள். சுரங்கங்களை மூடியதும் அந்த ஊரில் ஆட்கள் குறைந்தார்கள். பிறகு பிள்ளைகள் குறைந்தார்கள். கடைசியில் பள்ளிக்கூடத்தையே பூட்டிவிட்டார்கள். சுரங்கத் தூசியில் நுரையீரல் கெட்டுக் கணவர் அதற்கு முன்பே போய்விட்டார். சியோலில் சமையலுக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு ஒரு பெட்டியோடு கிளம்பி வந்துவிட்டாள்.

வேலை உடனே கிடைத்தது. வீடுதான் கிடைக்கவில்லை.

சியோலுக்கு வெளியே, ரயிலில் வரவேண்டிய தூரத்தில், இஞ்சோனில் அவளுக்கு ஒரு மகன் இருந்தான். கிபோம் என்று பெயர். மனைவி, குழந்தை, மாமியார் என்று அவன் வீடு ஏற்கெனவே நிறைந்திருந்தது. ஆனாலும் வந்து இருக்கச் சொன்னான். சிக்கல் என்னவென்றால், எங்கள் வேலை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். நோயாளிகளுக்குக் காலைக் கஞ்சி போகவேண்டும் என்றால், முதல் ரயில் ஓடத் தொடங்கும் முன்பே நாங்கள் அரிசியைக் களைந்து வைத்திருக்கவேண்டும். அதனால் இங்கே வேலை செய்கிறவர்கள் எல்லாருமே நடந்து வரும் தூரத்தில் குடியிருப்பவர்கள். நானும் என் கணவரும் ஆஸ்பத்திரிக்குப் பின்புறம் மேட்டுத் தெருவில் இருக்கிறோம்.

வீடு கிடைக்கும்வரை அக்கா ஒரு கோஷிவொனில் தங்கினாள். பரீட்சைக்குப் படிக்கிற பையன்களுக்காகக் கட்டிய இடம் அது. ஒரு மேசை, ஒரு கட்டில், அவ்வளவுதான். காலை நீட்டினால் சுவரில் முட்டும்.

"பக்கத்து ரூம்காரன் புத்தகத்தைப் புரட்டுற சத்தம்கூடக் கேக்குதுடி" என்றாள் என்னிடம். "நான் இருமினா சுவத்தைத் தட்டுறான். தலகாணிய வாயில வச்சுக்கிட்டு இருமுறேன்."

இருமலைக்கூட ஒளித்து வைக்கவேண்டிய இடத்தில் எத்தனை நாள் இருப்பது? வேலை முடிந்த பிற்பகல்களில் அவளோடு வீடு பார்க்க நானும் போக ஆரம்பித்தேன். சமையலறையில் நின்று நின்று எங்கள் இருவருக்கும் கால் வீங்கியிருக்கும். இந்தப் பகுதியோ முழுக்க மேடு. தெரு எங்கே முடிகிறதோ அங்கே படிக்கட்டு தொடங்கும்.

எங்கள் தெருமுனையில் வீட்டுத் தரகர் பாங் கடை வைத்திருக்கிறார். பாங் என்பது அவருடைய குடும்பப் பெயர். எங்கள் மொழியில் அறைக்கும் அதே சொல்தான். அதை வைத்து அவரைக் கிண்டல் செய்யாதவர்கள் இந்த வட்டாரத்தில் இல்லை. அவரும் அதற்குப் பழகிவிட்டார்.

முதலில் அவர் காட்டியது பாதி தரைக்கு அடியில் இருந்த ஒரு அறை. சன்னல் வழியாகத் தெருவில் போகிறவர்களின் செருப்பு தெரிந்தது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். குழாயைத் திறந்து பார்த்தாள், எங்கள் வீடுகளில் தரைக்கு அடியில்தான் சூடேற்றுவார்கள் என்பதால் தரையில் உள்ளங்கையை வைத்துச் சூடு ஏறுகிறதா என்று பார்த்தாள், பிறகு அலமாரியின் பின்னால் மூக்கை நீட்டி முகர்ந்தாள்.

"இங்க தண்ணி புகுந்திருக்கு" என்றாள்.

"அது என்னைக்கோ ஒரு மழையில புகுந்ததும்மா."

"அடுத்த மழை உங்ககிட்ட சொல்லிட்டா வரப்போவுது?"

அடுத்தது மொட்டை மாடியில் தனியாகக் கட்டிய அறை. காற்று, வெளிச்சம், எதிரே நகரம் முழுக்கத் தெரியும் என்று பாங் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். லிஃப்ட் இல்லை. பாதி வழியிலேயே அக்கா படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நகரத்தைப் பாத்து நான் என்ன பண்ணப்போறேன்? என் முட்டி இங்கயே நின்னுடுச்சு. நீங்க ரெண்டு பேரும் போய்ப் பாத்துட்டு வாங்க."

நாங்களும் போகவில்லை. அன்று அவளைக் கைப்பிடித்துக் கீழே இறக்கிக் கூட்டிவந்தோம்.

அதற்குப் பிறகு வந்தவைதான் கஷ்டமானவை. நல்ல அறைகள் இருந்தன. தரைத்தளம், வெயில் வருகிற சன்னல், ஆஸ்பத்திரிக்குப் பக்கம். பாங் எங்கள் முன்னாலேயே வீட்டுக்காரருக்குப் போன் செய்வார். எதிர்முனையில் இருந்து எப்போதும் அதே கேள்விகள்தான் வரும். எத்தனை பேர்? ஒருத்தரா? வயசு என்ன? வயதைச் சொன்னதும் குரல் மாறிவிடும். பிறகு, "ஐயோ, நேத்துதான் வேற ஒருத்தருக்குப் பேசி முடிச்சேன். என் பொண்டாட்டி உங்ககிட்ட சொல்லலையா?" என்பார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் இதையே சொன்னார்கள்.

ஒருநாள் போனை வைத்துவிட்டுப் பாங் தலையைச் சொறிந்தார்.

"பேருலயே அறைய வச்சிருக்கீங்க, எனக்கு ஒரு அறை பிடிச்சுத் தர முடியலையா?" என்றாள் அக்கா. சிரிப்பதற்கு அவளுக்குத் தெம்பு இல்லை. கேட்ட எங்களுக்கும் இல்லை.

"அம்மா, நான் உள்ளதச் சொல்லிடுறேன். தனியா இருக்கிற வயசானவங்கன்னா வீட்டுக்காரங்க பயப்படுறாங்க. உள்ளயே ஏதாவது ஆயிட்டா, யாரு பாப்பாங்க? அப்புறம் அந்த ரூமுக்கு ஆள் வரமாட்டாங்கன்னு கணக்கு. மகனும் கூட இருப்பான்னு சொல்லிடுவமா?"

"சொல்லிட்டு? தினம் சாயந்தரம் வாசல்ல ஒரு ஆம்பளச் செருப்ப வச்சுக் காட்டணுமா?"

பாங் ஒரு சாவியை எடுத்தார். "ஒரு இடம் இருக்கு. முன்னாடியே காட்டியிருப்பேன். ஆனா அந்த அம்மா வாய் கொஞ்சம்..." என்று இழுத்தார்.

அது தாக் அம்மாளின் வீடு. பழைய செங்கல் வீடு. கணவர் இறந்த பிறகு மாடியில் அவர் தனியாக இருந்தார். எண்பதை எட்டிக்கொண்டிருந்த ஒல்லியான உடம்பு, கத்தரித்துச் சுருட்டிய முடி. கீழே இருந்த அறை காலியாகக் கிடந்தது. சுவரில் புதுத் தாள் ஒட்டி, தரைக்கும் புது விரிப்பு போட்டிருந்தார்கள். பசை வாடை இன்னும் போகவில்லை. அக்கா குழாயைத் திறந்தாள், தரையைத் தொட்டாள். கைகளை அங்கேயே வைத்துக்கொண்டு சிறிது நேரம் குந்தியிருந்தாள். பிடித்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

தாக் அம்மாள் வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை.

"தனியாவா?"

"ஆமா பெரியம்மா."

"அப்ப வேண்டாம். பாங்கு, உன்கிட்ட என்ன சொல்லியிருந்தேன்? சின்ன வயசு ஆளாப் பாருன்னு சொன்னேனா இல்லையா?"

பாங் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்காதான் கேட்டாள். "இதுக்கு முன்னாடி இங்க யாரு இருந்தாங்க?"

தாக் அம்மாள் மறைக்கவில்லை. "வாட்ச்மேனா இருந்து ரிட்டயரான மனுஷன். நல்ல கோடையில செத்துப்போனாரு. மேலயே இருந்தேன், எனக்குத் தெரியல. வாடை வந்த பிறகுதான் தெரிஞ்சுது. நான்தான் கதவத் திறந்தேன். எல்லாத்தையும் பிச்சு எறிஞ்சுட்டு புதுசாப் போட்டாச்சு. இருந்தாலும் அந்தக் கைப்பிடியத் தொட்டா எனக்கு இன்னும் நடுங்குது. திரும்ப ஒரு தடவை என்னால முடியாதும்மா. பயந்துக்கிட்டு நீயே போயிடுவேன்னு பாத்தேன்."

"செத்தவர் பாவம், அவரு என்னை என்ன பண்ணப்போறாரு? உசுரோட இருக்கிறவங்கதான் வீடு தரமாட்டேங்கிறாங்க."

"நல்லாப் பேசுற."

"நீங்களும் தனியாத்தானே இருக்கீங்க பெரியம்மா?"

"இது என் வீடு. சொந்த வீட்டுல நான் எப்படி வேணாலும் சாவேன்."

அதைக் கேட்டு அவள் கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அக்கா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அன்று சமையலறையில் கிம்ச்சி ஊறுகாய்க்கு முட்டைக்கோசில் உப்புப் போட்ட நாள். அவள் விரல்களெல்லாம் வெடித்துப்போயிருந்தன. "கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறேன்" என்றாள். தாக் அம்மாள் அந்த விரல்களைப் பார்த்தார். பிறகு, "மகன் இருக்கானா? போன் போடு" என்றார்.

அக்கா போட்டுக் கொடுத்தாள். அந்தக் கிழவிக்குக் காது மந்தம். ஸ்பீக்கரில் வைத்துத்தான் பேசினார்.

"ஏம்ப்பா, உன் அம்மா என் வீட்டுக்குக் குடிவரணும்கிறா. அவ செத்தா தகவல் சொன்ன அன்னைக்கே வந்து எடுத்துட்டுப் போவியா?"

பாங் வெளியே நகர்ந்துவிட்டார். எனக்கும் எங்கேயாவது போய்விட்டால் தேவலை என்றிருந்தது. கிபோம் எங்கேயோ வேலையில் இருந்தான் போலிருக்கிறது, பின்னால் இயந்திரச் சத்தம் கேட்டது.

"அம்மா பக்கத்துல இருக்காங்களா?" என்றான்.

"இருக்கேன்டா" என்றாள் அக்கா.

"ஏம்மா இதெல்லாம்? இங்க வந்துடும்மா. எப்படியாவது இருந்துக்கலாம்."

"உன் வீட்டுலேர்ந்து நான் வந்து சேர்றதுக்குள்ள நோயாளிங்க சாப்பிட்டு மருந்தும் குடிச்சு முடிச்சிருப்பாங்கடா. எனக்கு வேலை வேணும். அவங்க கேட்டதுக்குப் பதில் சொல்லு."

இயந்திரச் சத்தம் தள்ளிப் போனது. "வருவேன்" என்றான் அவன். "வருவேன் பாட்டி. ஆனா இப்படியெல்லாம் அவங்க எதிர்ல கேக்காதீங்க."

"எதிர்ல கேட்டாத்தான் உண்மை வரும்" என்று தாக் அம்மாள் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த வாரமே அக்கா குடிபோனாள். புது வீட்டுக்குக் கொடுக்கிற வழக்கப்படி நான் கழிவறைத் தாள் கட்டு ஒன்றும் சலவைத்தூளும் வாங்கிக்கொண்டு போனேன். கறுப்பு அவரைக் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ் வரவழைத்து, பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் வைத்துச் சாப்பிட்டோம். சாப்பிடும்போதே அக்காவின் கண் செருகியது. தட்டை எடுத்து வைத்துவிட்டு நான் வந்துவிட்டேன்.

தாக் அம்மாள் அதோடு விடவில்லை. தினமும் விடியுமுன் கீழே குழாய்ச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துப் படுத்திருப்பாராம். அந்த மந்தக் காதுக்கு அது மட்டும் எப்படிக் கேட்டதோ! ஆனால் விடுமுறை நாட்களில் குழாய்ச் சத்தம் இருக்காதே. அப்போது இறங்கி வந்து கதவை இடிப்பார்.

"உசுரோட இருக்கியா?"

"இருக்கேன்!"

"அப்ப சரி, தூங்கு."

"எழுப்பிவிட்டுட்டுத் தூங்குன்னா எப்படிப் பெரியம்மா தூங்குறது?"

"ஒரே ஒரு நாள் லீவு, அதையும் இந்தக் கிழவி விடமாட்டேங்குது" என்று அக்கா எங்களிடம் வந்து புலம்புவாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருக்கும். பயறு முளையை ஆய்ந்தபடியே நின்ற இடத்தில் தூங்கிவழிவாள். நல்ல அறை கிடைத்தும் ஓய்வு கிடைக்கவில்லை என்று எனக்குப் பாவமாக இருக்கும்.

தை மாதக் குளிரில் ஒரு விடுமுறை நாள். அன்று கதவை யாரும் இடிக்கவில்லை. அக்கா நன்றாகத் தூங்கினாள். முகத்தில் வெயில் பட்டபிறகுதான் விழித்தாள். சொர்க்கம் போல இருந்தது என்று பிறகு சொன்னாள். புரண்டு படுத்தாள். அப்போதுதான், ஏன் யாரும் எழுப்பவில்லை என்று தோன்றியது.

காலுறைகூட இல்லாமல் செருப்போடு மாடிக்கு ஓடினாள். படியில் பனி உறைந்திருந்தது. ஒரு முறை சறுக்கிக் கணுக்காலைத் திருகிக்கொண்டாள். கதவை இடித்தாள், கத்தினாள், பதில் இல்லை. உடனே பாங்குக்கும் எனக்கும் போன் செய்தாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அக்கா கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி படியில் உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. பாங் இரும்புக் கம்பி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதைக் கதவிடுக்கில் நுழைக்கும்போது கீழேயிருந்து குரல் வந்தது.

"என்ன, என் வீட்டு வாசல்ல கூட்டம்?"

தாக் அம்மாள்தான். கையில் குளியல் கூடை, தலையில் துண்டு, முகம் வேகவைத்த மாதிரி சிவந்திருந்தது. பொது வெந்நீர்க் குளியல் கூடத்தில் நன்றாக ஊறிவிட்டு, அவித்த முட்டை ஒன்றைத் தின்றுகொண்டே வந்துகொண்டிருந்தார்.

அக்கா எழுந்து நின்றாள். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. "எங்க போய்த் தொலைஞ்சீங்க? சொல்லிட்டுப் போகத் தெரியாது? நான் என்னென்ன நினைச்சேன்னு தெரியுமா?"

"முதுகு தேய்க்கப் போனேன். இருமிக்கிட்டே இருந்தியே, கொஞ்சம் தூங்கட்டும்னு விட்டுட்டுப் போனேன். குளிக்கப் போறதுக்குக்கூட உன்கிட்ட கேட்டுட்டுப் போகணுமா?"

"கேட்டுட்டுத்தான் போகணும்!"

தாக் அம்மாள் படியேறி வந்தார். வீங்கிய கணுக்காலைப் பார்த்தார், கைப்பிடியை இன்னும் விடாத கையைப் பார்த்தார். கூடையிலிருந்து இன்னொரு முட்டையை எடுத்து அவள் கையில் வைத்தார். "உள்ள வா. தரை சூடா இருக்கு" என்றார்.

அக்கா போனாள். உள்ளே அழுதாளா, சண்டை போட்டாளா என்று எனக்குத் தெரியாது. நானும் பாங்கும் இறங்கி வந்துவிட்டோம். மறுநாள் காலில் கட்டோடு நேரத்துக்கு வேலைக்கு வந்தாள்.

அதற்குப் பிறகும் தாக் அம்மாள் மாறிவிடவில்லை. விடுமுறை நாட்களில் இப்போதும் வந்து இடிக்கிறார், வெயில் ஏறிய பிறகு வருகிறார் என்பதுதான் வித்தியாசம். வெளியே போனால் அவரும் சன்னலைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போகிறார். கிபோம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தையோடு வந்துபோகிறான். தாக் அம்மாள் போனில் கேட்ட அந்தக் கேள்விக்குப் பிறகுதான் இப்படி வருகிறான் என்று அக்கா சொல்வாள், சந்தோஷமாகவும் இல்லாமல் வருத்தமாகவும் இல்லாமல்.

வாடகை ஒப்பந்தம் முடிகிற சமயத்தில், ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே வயதானவர்களுக்கென்று மாநகராட்சி புதுக் குடியிருப்பு கட்டுவதாகப் பேச்சு வந்தது. மனு போட்டுப் பார்க்கலாமா என்று அக்காவிடம் கேட்டேன்.

"இன்னொரு தடவை வீடு பாக்குற தெம்பு எனக்கு இல்லடி" என்று சொல்லிவிட்டு, பயறு முளைக் கூடையை என் பக்கம் தள்ளினாள்.