தண்ணீர் ஏறினால் பயப்படுகிறவர்கள்

எங்கள் ஏரியைப் பார்க்க வருகிறவர்கள் இரண்டு ரகம். முதல் ரகம் கரையில் நின்று, "இது தானா?" என்று முகம் சுளித்துவிட்டுப் பஜ்ஜி எங்கே கிடைக்கும் என்று கேட்கும். இரண்டாவது ரகம் எந்நேரமும் தண்ணீர் மட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும். முதல் ரகத்தை நான் என்றைக்கோ மன்னித்துவிட்டேன்.

நெய்வேலி நகரியம் முடிந்து மந்தாரக்குப்பம் தொடங்குகிற ஓரத்தில் இருக்கிறது அந்த ஏரி. சின்னதுதான். இந்தக் கரையில் தும்மினால் அந்தக் கரையில் நடைப்பயிற்சி போகிறவர் திரும்பிப் பார்ப்பார். மழை பெய்தால் நிரம்பும். நிரம்பி மிஞ்சினால் வடக்கு மூலையில் இருக்கும் கலிங்கு வழியாகத் தானாகவே வழிந்து ஓடைக்குப் போய்விடும். யாரும் ஒரு விரலைக்கூட அசைக்க வேண்டியதில்லை. எனக்கே புரிகிற விஷயம் இது. நானோ பதினோராம் வகுப்பில் பள்ளிக்கூடத்தோடு பேசிவைத்துக்கொண்டு பிரிந்தவன்.

நான் அங்கே படகுத்துறையில் கான்ட்ராக்ட் ஆள். அன்னம் மாதிரி செய்த பெடல் படகுகளைத் தள்ளிவிட வேண்டும். நடு ஏரிக்குப் போனதும் கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிடும் குடும்பங்களை நீளக் கழியோடு போய் இழுத்து வர வேண்டும். ஏறும்போது என்னை "டேய் தம்பி" என்பவர்கள் இழுத்து வரும்போது "அண்ணே" என்பார்கள்.

துறையை ஒட்டித் தார்ப்பாய் போட்ட டீக்கடை என் அக்காவுடையது. அதற்கு முன்னால் அவள் ஒரு கேன்டீனில் நைட் ஷிஃப்ட் தட்டு கழுவினாள். விரல் இடுக்கெல்லாம் புண்ணாகி, சோற்றில் கை வைத்தாலே எரியும். துறையை எடுத்திருக்கும் கான்ட்ராக்டர் ஒரே நிபந்தனையின்பேரில் அவளைக் கடை போட விட்டார். படகு ஓடினால் கடை இருக்கலாம், படகு நின்றால் கடையை எடுத்துவிட வேண்டும். துறைக்கு எதிரே தண்ணீருக்குள் ஓர் அளவுக் கம்பம் நட்டிருக்கிறார்கள். அதில் ஒரு சிவப்புக் கோடு. தண்ணீர் அதற்குக் கீழே இறங்கினால் படகின் அடி சேற்றில் தட்டும் என்று எல்லாவற்றையும் கரைக்கு ஏற்றிவிடுவார்கள். என் அக்காவுக்கும் அந்த எச்சில் தட்டுகளுக்கும் நடுவே இருந்தது அந்தக் கோடு மட்டும்தான்.

ஒவ்வொரு பருவத்துக்கும் ஏரிக்கு ஒரு கூட்டம் வரும். சித்திரையில் தண்ணீர் வற்றிப் பாசி நாறும்போது காதலர்கள் வருவார்கள். அவர்களுக்கு மட்டும் மூக்கு வேலை செய்யாது. ஐப்பசியில் மழை பிடித்ததும் தூண்டில்காரர்கள் வருவார்கள். வீட்டில் இருக்காமல் தப்பிக்க அவர்களுக்கு மீன் ஒரு சாக்கு. காணும் பொங்கலன்று குள்ளஞ்சாவடி, வடலூர்ப் பக்கமிருந்து மினி வேன்களில் ஊரே வந்து இறங்கும். பாய், பாத்திரம், ஸ்பீக்கர், அழுகிற குழந்தை என்று ஒன்று விடாமல் கொண்டுவந்து, குப்பையை மட்டும் விட்டுவிட்டுப் போவார்கள். அக்காவுக்கு வருஷத்தைத் தூக்கி நிறுத்துவது அந்தக் கூட்டம்தான்.

வருஷம் முழுக்க வரும் கூட்டம் ஒன்று உண்டு. அதற்கு ஏரி பாதுகாப்புக் குழு என்று அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். எல்லோரும் சுரங்கத்தில் பர்மனென்ட் வேலை பார்த்து ரிடையரானவர்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மந்தாரக்குப்பத்தில் மாடி வீடு கட்டியவர்கள். ஆனால் மனதுக்குள் இன்னும் குவார்ட்டர்ஸைக் காலி செய்யாதவர்கள். எதிரே யாரைக் கண்டாலும் பர்மனென்ட்டா கான்ட்ராக்ட்டா என்றுதான் முதலில் கேட்பார்கள். சாதியைக் கேட்பது அநாகரிகம் என்று யாரோ சொல்லிவிட்டதால் இதைக் கேட்கிறார்கள். கான்ட்ராக்ட் என்றதும், நான் இருக்கும் இடத்தில் ஒரு நாற்காலி கிடப்பது போல என்னைச் சுற்றிக்கொண்டு போவார்கள்.

குழுவுக்குத் தலைவரானவரை நான் பம்ப் சார் என்பேன். சர்வீஸ் முழுவதும் அவர் சுரங்கத்தின் அடியில் பம்ப் பார்த்தவர். பள்ளத்தில் ஊறிக்கொண்டே இருக்கும் தண்ணீரை இரவும் பகலும் இறைத்து வெளியே தள்ளாவிட்டால் சுரங்கம் முழுகிவிடும். மட்டம் இறங்கினால் அன்றைக்கு அவருக்கு நல்ல நாள். ஏறினால் போனுக்கு மேல் போன், திட்டுக்கு மேல் திட்டு. தண்ணீரைப் பற்றித் தெரிந்த மனுஷர் என்று ஏரியை அவரிடம் கொடுத்தார்கள். நாய் பிடிக்கிற வண்டிக்காரரைக் கூப்பிட்டு நாய்க்குட்டியை வளர்க்கச் சொன்ன மாதிரி. தென்கரையில் ஒரு பழைய மதகு உண்டு. முன்பு வயலுக்குத் தண்ணீர் விட்டது. இப்போது வயலும் இல்லை, விடுவாரும் இல்லை. அதன் ஷட்டரைச் சங்கிலி போட்டுப் பூட்டி வைத்திருந்தார்கள். அந்தச் சாவியும் அவர் கைக்குப் போனது.

அந்த வருஷம் ஐப்பசி மழை நன்றாகவே பிடித்தது. சிவப்புக் கோடு முழுகி, அதற்கு மேலும் தண்ணீர் நின்றது. அக்கா பொங்கலை நினைத்து இன்னொரு பெஞ்சும் இரண்டாவது அடுப்பும் வாங்கினாள். பம்ப் சார் தினமும் குடையோடு வந்து கம்பத்தைப் பார்ப்பார். தண்ணீர் ஏற ஏற அவர் முகம் இறங்கியது. ஒரு நாள் என்னிடமே வந்து நின்றார்.

"நேத்தைக்கு இன்னிக்கு ஏறியிருக்கேப்பா."

"மழை பேஞ்சிகினு இருக்கு இல்லீங்களா சார். அது ஏறாம பின்ன என்னா பண்ணும்."

"அப்படியே வுட்ற முடியுமா? கன்ட்ரோல் பண்ணணும்."

குழு அக்கா கடையிலேயே கூடியது. எல்லோரும் சுரங்கத்து ஆட்கள். மட்டம் ஏறுகிறது என்று ஒருவர் சொன்னதும் அத்தனை தலையும் ஒரே மாதிரி கவலையோடு ஆடியது. ஏரி என்றால் தண்ணீர் இருக்க வேண்டிய இடம் என்று ஒரு தலைக்குக்கூடத் தோன்றவில்லை. மதகைத் திறந்தார்கள். மறுநாள் காலையில் மட்டம் இறங்கியிருந்தது. கைகுலுக்கிக்கொண்டார்கள். ஒருவர் மைசூர்பாக் வாங்கி வந்திருந்தார். ஏரித் தண்ணீர் குறைந்ததற்கு இனிப்பு சாப்பிட்ட கூட்டத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். நானும் சாப்பிட்டேன், மைசூர்பாக் மேல் எனக்கு என்ன கோபம்.

அக்கா டீ கிளாஸை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"சார், நல்லாருக்கற தண்ணிய ஏங்க வெளிய வுட்டுகினு இருக்கீங்க?"

"இடம் வேணும்மா. அடுத்த மழை வந்தா அந்தத் தண்ணி எங்க போவும்?"

"கலிங்குல போவுங்க."

"போவும். ஆனா கலிங்கு நம்ம கன்ட்ரோல்ல இல்லியேம்மா."

அக்கா அடுத்த கிளாஸை எடுத்தாள். மேலே கேட்டிருந்தாலும் பிரயோஜனமில்லை. டீவியில் ஏதோ புயல் வருகிறது என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு இடம் செய்வதற்காக மதகு திறந்தே கிடந்தது. குழுவினர் விருந்தாளிக்கு அறையைக் காலி செய்கிற மாதிரி ஏரியைக் காலி செய்தார்கள். புயல் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காமல் ஆந்திராவுக்குப் போய்விட்டது. கார்த்திகை முழுக்கச் சுள்ளென்று வெயில். அதன் பிறகுதான் மதகை மூடினார்கள், அதுவும் துரு ஏறி முழுசாக இறங்கவில்லை. மார்கழிக் கடைசியில் பொங்கல் கோலத்துக்குப் பெண்கள் கலர்ப்பொடி வாங்கப் போகும்போதே சிவப்புக் கோடு வெளியே வந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

போகியன்று படகுகளைக் கரைக்கு ஏற்றினோம். ரேஷன் கடை வாசலில் வரிசை நிற்கிறவர்கள் மாதிரி அன்னங்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. பம்ப் சார் பதறிப்போய், வாடகைக்கு ஒரு டீசல் பம்ப் பிடித்து ஓடையிலிருந்து ஏரிக்குத் தண்ணீர் இறைக்கலாம் என்றார்.

"பண்ணலாங்க சார். உறிஞ்சற பைப்ப மட்டும் எந்தப் பக்கம் போடறதுன்னு இப்பவே முடிவு பண்ணிக்குங்க" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. ஏரியைப் பார்த்தார், ஓடை இருக்கிற திசையைப் பார்த்தார், நிஜமாகவே யோசித்தார். அதற்கு மேல் கேலி செய்ய எனக்கே சோம்பலாகிவிட்டது. ஓடையிலும் தண்ணீர் இல்லை என்று அப்புறம் தெரிந்தது. அவர் திறந்துவிட்டது எப்போதோ கடலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

காணும் பொங்கலுக்கு ஊர் வந்தது. படகு உண்டா என்று கேட்டது. இல்லை என்றதும் குழந்தைகளைத் தூக்கிக் கரையில் நின்ற படகுகளில் உட்காரவைத்தது. குழந்தைகள் காற்றில் பெடல் மிதித்தன. ஒரு தகப்பன் என்னைக் கூப்பிட்டு, குழந்தை ஆசைப்படுகிறது, லேசாக ஆட்டிவிடு என்றான். ஆட்டிவிட்டேன். சேறு தெரிந்த இடத்தில் நாரைகள் இறங்கியிருந்தன. பறவைகளுக்காகத்தான் மட்டத்தைக் குறைத்தோம் என்று குழுவில் ஒருவர் வந்தவர்களிடம் விளக்கிக்கொண்டிருந்தார். நாரைக்குக் காது கேட்டிருந்தால் வேறு ஏரி பார்த்திருக்கும்.

அக்கா தார்ப்பாயைச் சுருட்டி, புதுப் பெஞ்சின் மேல் வைத்து, பக்கத்தில் நின்றாள். பம்ப் சார் அவள் கண்ணில் படாமல் போகப் பார்த்தார். அவளே கூப்பிட்டாள்.

"சார், மதகுச் சாவிய எங்க வெச்சிகினு இருக்கீங்க?"

"வூட்லதாம்மா. பூஜை ரூம்ல."

அவ்வளவுதான் பேச்சு. மறுவாரம் அவள் கேன்டீனுக்குத் திரும்பினாள். நான் குள்ளஞ்சாவடியில் ஒரு சிமென்ட் கடையில் மூட்டை இறக்கினேன்.

வைகாசியில் ஒரு நாள் சும்மா ஏரிப் பக்கம் போனேன். தண்ணீர் என்று சொல்ல ஒன்றுமில்லை. அளவுக் கம்பம் அடிக்கல் வரை தெரிய நின்றது. பம்ப் சார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில், ஷிஃப்ட் முடித்துக் கை கால் கழுவிய மனுஷரின் நிம்மதி. மட்டம் பூஜ்யம். சர்வீஸில் ஒரு நாளாவது அவர் பார்க்க ஆசைப்பட்ட பூஜ்யம். என்னைக் கண்டதும் அவசரமாகக் கவலையை எடுத்து முகத்தில் மாட்டிக்கொண்டார். அக்காவின் விரல்கள் அப்போது மறுபடியும் புண்ணாகியிருந்தன. நான் திரும்பி வந்துவிட்டேன். துப்புவதற்குக்கூட ஏரியில் ஈரம் இல்லை.

கான்ட்ராக்டர் கோடையிலேயே மதகின் துருவைச் சுரண்டி ஷட்டரை முழுசாக இறக்கவைத்திருந்தார். அடுத்த ஐப்பசியில் மழை வந்து, தண்ணீர் கோட்டைத் தாண்டியதும் கான்ட்ராக்டர் எங்களைக் கூப்பிட்டார். அக்கா நேராகக் கடைக்குப் போகவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு பம்ப் சார் வீட்டுக்குப் போனாள். அவர் சம்சாரம் கதவைத் திறந்தார்.

"சாவி வாங்கிகினு போலாம்னு வந்தேம்மா" என்றாள் அக்கா.

உள்ளேயிருந்து பம்ப் சார் எழுந்து வந்து, குழுவில் தீர்மானம் போடாமல் சாவியைத் தருவதற்கு வழியில்லை என்று ஆரம்பித்தார். அந்த அம்மா அவர் பேசி முடிக்கக் காத்திருக்கவில்லை. பூஜை அறைக்குப் போய், குங்குமம் ஒட்டிய சாவியை எடுத்துவந்து அக்கா கையில் வைத்தார்.

"எடுத்துகினு போம்மா. மழை பேஞ்சா இந்த மனுஷன் தூங்கறதே இல்ல. என்னையும் தூங்க வுடறதில்ல."

சாவி டீக்கடையில் வடிகட்டிக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது. பலத்த மழை பெய்த ஒரு பகலில் பம்ப் சார் நனைந்துகொண்டே வந்து தார்ப்பாய்க்கு அடியில் நின்றார். கம்பத்தின் கடைசி எண்ணும் முழுகிக்கொண்டிருந்தது. அவர் உதடு தானாக அசைந்து எதையோ கணக்குப் போட்டது.

"ஏறிகினே இருக்கும்மா."

"ஏறட்டுங்க. நீங்க டீ சாப்புடுங்க."

அவர் டீயைக் கையில் பிடித்தபடி நின்றார், குடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வடக்கு மூலையில் சலசலவென்று சத்தம் கேட்டது. கலிங்கு தாண்டித் தண்ணீர் ஓடைக்கு இறங்கியது. கம்பத்தில் மட்டம் அதற்கு மேல் ஏறவில்லை. அவர் அந்த மூலையையே பார்த்தார்.

"ஆளே இல்லாம தானா போவுது" என்றார், ஏதோ ஏமாற்று வேலையைக் கண்டுபிடித்தவர் மாதிரி.

"அதுக்கு டூட்டி ஆபீசர் தேவையில்லீங்க சார். நீங்க வூட்டுக்குப் போயி படுங்க" என்றேன்.

அக்கா என்னை முறைத்தாள். அவர் வீட்டுக்குப் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து ஆறிப்போன டீயைக் குடித்தார். கண் கலிங்கைப் பார்த்தது, அப்புறம் கம்பத்தை, அப்புறம் மெதுவாக ஆணியை. அக்கா சாவியை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு, இரண்டாவது அடுப்பையும் பற்றவைத்தாள்.