லாரி போட்ட லீவு

1. கடைசித் தாள்

இறால் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் தலை கிள்ளினேன், தோல் உரித்தேன், தரம் பிரித்தேன். டோக்கன் நம்பர் நாற்பத்தேழு. ஓய்வு பெற்ற பிறகு கணக்கு முடிக்க ஆபீஸுக்குக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார்கள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். எண் நன்றாகவே வரும். பி.எஃப். சரி, கிராஜுவிட்டி சரி. 'ஈ.எல். பாக்கி' என்ற இடத்தில் சைபர்.

எடுக்காமல் விட்ட சம்பள லீவுக்கு, வேலையை விட்டுப் போகும்போது காசு தர வேண்டும். பழைய வருஷங்களுக்கு உள்ளதை வீடு கட்டும்போதே வாங்கிவிட்டேன். கடைசி இரண்டு வருஷத்தில் சேர்ந்தது இருபத்தெட்டு நாள். மகள் பிரசவத்துக்கு எட்டு, மாதா கோயில் திருவிழாவுக்கு மூன்று, ஆகப் பதினொன்று எடுத்தேன். பாக்கி பதினேழு. இதற்குப் பேப்பர் வேண்டாம், விரல் போதும்.

காசு ஒரு பக்கம் இருக்கட்டும். வந்து நின்ற நாளில் வராதவள் என்று எழுதியிருந்தால் அதை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசில்லை. தாளில் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தேன்.

2. என் கையெழுத்து

ஆபீஸர் புதுசு, சின்ன வயசு, மரியாதையான பையன். ஃபைலைத் திறந்து லீவுச் சீட்டுகளை மேஜையில் பரப்பினார்.

“அம்மா, இருபத்தெட்டு நாளும் எடுத்துட்டீங்க. இது உங்க கையெழுத்துதானே?”

என்னுடையதுதான். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கம்பெனி வளர்ப்பு இறால் லாரியை நம்பித்தான் ஓடும். சில நாள் லாரி வராது. காலை ஆறு மணிக்கு வந்து, எட்டு வரை நின்றுவிட்டுத் திரும்பிப் போவோம். சம்பளத்தன்று, வருகைக் கணக்கு எழுதும் டைம் ஆபீஸ் அண்ணாச்சி ஒரு கட்டுச் சீட்டை முன்னால் தள்ளுவார்.

“ஏளா அமலி, போடு, போடு. பின்னால வரிசை நிக்கி.”

நானும் போட்டேன். கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடுகிறவள் என்ற பெருமை வேறு. என்ன சீட்டு என்று கேட்காமல் சுழித்துச் சுழித்துப் போட்டிருக்கிறேன். நாங்கள் நின்றுவிட்டுத் திரும்பிப் போன நாளையெல்லாம் எங்கள் லீவாக எழுதிய சீட்டு அது. தப்பு என்னுடையதும்தான்.

3. கை நோட்டு

இறால் ஹாலுக்குள் சும்மா நுழைய முடியாது. வாசலில் குவாலிட்டி பார்க்கும் பிள்ளை ஜெனி நிற்பாள். இரண்டு கையையும் முன்னும் பின்னும் திருப்பிக் காட்ட வேண்டும். நகம், வெட்டுக்காயம், மோதிரம், வளையல் எல்லாம் பார்த்து, டோக்கன் நம்பருக்கு நேரே எழுதி, நம்மிடம் கையெழுத்து வாங்குவாள். அதற்குப் பெயர் கை நோட்டு. சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் சோதனைக்கு வந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.

“சார், இந்தச் சீட்டுல உள்ள நாளுக்கெல்லாம் கை நோட்டக் கொண்டாரச் சொல்லுங்க” என்றேன்.

பக்கத்தில் நின்ற அண்ணாச்சி சிரித்தார். “அதுக்கும் லீவுக்கும் என்னளா சம்பந்தம்?”

“இருக்கா இல்லியான்னு பாத்துட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி.”

ஜெனி நோட்டுகளைச் சுமந்து வந்தாள். முதல் சீட்டின் தேதியைப் பிரித்தாள். நாற்பத்தேழுக்கு நேரே என் கையெழுத்து, அதே சுழி. இரண்டாவதிலும் இருந்தது. மூன்றாவதை அவள் உரக்கப் படித்தாள்.

“டோக்கன் நாப்பத்தேழு. இடது பெருவிரல்ல முந்தின நாள் இறால் கொம்பு குத்துன காயம். மருந்து போட்டு ரெட்டைக் கையுறை குடுத்தாச்சு.”

“லீவு போட்டு வீட்ல கெடந்தவளுக்கு ஜெனி எப்படி சார் மருந்து போட்டா? பஸ் ஏறி எங்க தெருவுக்கு வந்தாளா?”

ஜெனி நோட்டால் வாயை மறைத்துக்கொண்டாள்.

ஆபீஸர் சிரிக்கவில்லை. “அன்னைக்கு லோடு வரலையே அம்மா. நீங்க வேலை செய்யலையே?”

“நான் வந்தேம்லா சார். கை கழுவி, தொப்பி மாட்டி, மேசைக்கு முன்னால நின்னேன். லாரி வரலன்னா அது லாரி போட்ட லீவு. அத எம்பேர்ல எதுக்கு எழுதுதீய? இல்ல, கை நோட்டு பொய்யின்னா சொல்லிருங்க. வெளிநாட்டுக்காரன் வந்து கேட்டாலும் அதையே சொல்லுங்க.”

அவர் சீட்டுகளை ஒன்றாகச் சேர்த்து எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனார். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த ஆபீஸில் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. அரை மணி கழித்து வந்தார்.

“இருபத்தெட்டு நாளுக்கும் போட்டுக் குடுத்துடறோம். பிரச்சினை வேண்டாம்.”

“வேண்டாம் சார். பதினேழுதான் என்னது. மிச்சம் பதினொண்ணு நெசமாவே நான் எடுத்த லீவு. அந்தத் தேதிகளப் பாருங்க, எங்கையெழுத்து இருக்காது.”

பார்த்தார்கள். பதினொரு நாளும் நாற்பத்தேழுக்கு நேரே வெறுமையாக இருந்தது.

அண்ணாச்சி என் காதருகே குனிந்தார். “குடுக்கத வாங்கிட்டுப் போயேம்ளா!”

“வராத நாளையும் வந்தேன்னு சொன்னா, வந்த நாள யாரு நம்புவா அண்ணாச்சி?”

4. அதற்குப் பிறகு

பதினேழு நாளுக்கான காசு பத்து நாளில் பேங்கில் ஏறிவிட்டது. பழைய தாளைக் கிழித்துவிட்டு, சைபர் இருந்த இடத்தில் பதினேழு என்று போட்ட புதுத் தாளைத் தந்தார்கள். அதை ஜெனியை முழுக்கப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

போன மாதம் மீன் மார்க்கெட்டில் அண்ணாச்சியைப் பார்த்தேன். கையில் பையோடு நின்று புலம்பினார்.

“நல்லா செஞ்சிட்டுப் போனே, அமலி! இப்ப ஒவ்வொருத்தியும் சீட்டக் கையில வச்சிக்கிட்டு, 'இது எந்த நாளுக்கு அண்ணாச்சி, அன்னைக்கு நான் வந்தேம்லா'ங்கா. சம்பளம் குடுத்து முடிக்க மத்தியானம் ஆயிருது.”

“ஆவட்டும் அண்ணாச்சி” என்றேன்.

இப்போது வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கையெழுத்துப் போடத் தெரிந்தால் மட்டும் போதாது. எந்த நாளுக்கு, எதற்கு என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். பின்னால் வரிசை நின்றால் நிற்கட்டும்.