காக்காவுக்குக் கரையில் மூன்று மணி நேரம்

எங்கள் வீட்டில் மூத்த சகோதரனைக் காக்கா என்றுதான் அழைப்போம். என் காக்கா நார்வேக் கரையோரமாகச் செல்லும் உல்லாசக் கப்பல் ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்கிறவர். பயணிகள் பனியாற்றைப் பார்க்கப் பேருந்தில் போகும் நேரத்தில் அவர் அவர்களுடைய படுக்கை விரிப்புகளை மாற்றிக்கொண்டிருப்பார். ஒரே ஒரு துறைமுகத்தில் மட்டும் அவருக்கு நண்பகலிலிருந்து மூன்று மணி நேரம் ஓய்வு கிடைக்கும். இந்தக் கோடையில் கப்பல் அங்கே ஒன்பது முறை நின்றது. ஒன்பது முறையும் என் கைப்பேசித் திரையில், அவர் தலைக்குப் பின்னால் நான் கண்டது ஒரே சாம்பல்நிறப் புத்தக அலமாரி. அந்த ஊர்ப் பொது நூலகத்தில் வை-ஃபை இலவசம். உள்ளே கதகதப்பாக இருக்கும். எதையும் வாங்கச் சொல்லி யாரும் வற்புறுத்துவதில்லை. அங்கே அமர்ந்து எங்களோடு பேசிவிட்டுக் கப்பலுக்குத் திரும்பிவிடுவார்.

இதற்கு யாங்கோனில் இருக்கும் எங்கள் வீட்டு வழக்கமே காரணம். அழைப்பு வந்தால் முதலில் உம்மா பேசுவார். பிறகு வாப்பா, காணொளி என்பதை மறந்து கைப்பேசியைக் காதில் ஒட்டிக்கொள்வார். காக்கா சிறிது நேரம் அவருடைய செவிமடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதன்பின் மேல்மாடியில் குடியிருக்கும் பர்மியப் பெண்மணி இறங்கி வந்து நலம் கேட்பார். இடையில் மின்சாரம் போகும்; மின்சாரத்தை நாங்கள் பர்மியச் சொல்லால் ‘மீ’ என்போம். லைன் அறுந்து, மறுபடி சேர்ந்து, கேட்ட கேள்வியையே உம்மா மீண்டும் கேட்பார். மூன்று மணி நேரம் இப்படியே கரைந்துவிடும்.

பத்தாவது முறைதான் கடைசி. அத்துடன் காக்காவின் ஒப்பந்தம் முடிகிறது. யாங்கோனுக்குத் திரும்பிய பிறகு, கட்டாயப் படைச்சேவைச் சட்டம் வந்திருக்கும் நிலையில், அவர் வயது ஆண்களுக்கு மறுபடி வெளிநாடு செல்ல அனுமதி கிடைக்குமா என்பதை எவராலும் சொல்ல முடியவில்லை. ஆகவே அந்த ஊரில் அவர் பார்க்க வேண்டியதை அன்றே பார்த்துவிட வேண்டும் என்று நான் முடிவுசெய்தேன். அதை அவர் முடிவுசெய்யவில்லை என்பது அப்போது எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

நாங்கள் குடியிருக்கும் தின்கன்ஜூன் பகுதியில் மீ இருந்த நேரங்களில் பயணிகளின் குறிப்புகளையும் வரைபடங்களையும் படித்து ஒரு திட்டம் எழுதினேன். காசு செலவாகும் எதுவும் அதில் இல்லை. கப்பலிலிருந்து உணவைக் கரைக்குக் கொண்டுபோகக் கூடாது. காலிக் குடுவையைக் கொண்டுபோகலாம், குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்தது. கல் தேவாலயத்தின் பின்புறத்தில் படிகள் தொடங்குகின்றன. ஏற ஐம்பது நிமிடம், இறங்க முப்பது. வழியில் புதர்களில் பழுத்திருக்கும் கருநீலப் பழங்களை யாரும் பறித்துத் தின்னலாம். உச்சியில் ஒரு மரப்பலகை. அது ஈரமாக இருக்கும், உட்காரப் பிளாஸ்டிக் பை தேவை. அங்கிருந்து பார்த்தால் இரண்டு மலைகளுக்கு நடுவே பனியாற்றின் நுனி தெரியும். இரண்டு சட்டை, அவற்றின் மேல் கப்பலில் கொடுத்த மழைச்சட்டை, காலில் இரண்டு ஜோடி காலுறை.

காக்கா குரல்செய்தி அனுப்பினார். “தங்கச்சி, இது என்ன பரீட்சைப் பேப்பரா? காலைலேர்ந்து பதினாலு ரூம் கட்டில் தூக்கின முதுகும்மா இது. படியேறச் சொல்றியே!”

“முதுகால ஏற வேணாம் காக்கா, காலால ஏறுங்க.”

“சரி சரி, பெரிய கைடும்மா நீ. உம்மாகிட்ட ரெண்டு நிமிஷம் பேசிட்டு ஏறிடுறேன்.”

அந்த இரண்டு நிமிடத்தை நான் ஒன்பது முறை பார்த்திருக்கிறேன். அன்று காலை அவருக்கு எழுதினேன்: ‘இன்று கூப்பிட வேண்டாம். லைன் சரியில்லை. எல்லாரும் நலம்.’ மாலை நான்கரை மணிக்கு, அதாவது அங்கே நண்பகலுக்கு, வீட்டிலிருந்த மூன்று கைப்பேசிகளையும் அழைப்பு வராதபடி ‘ஏர்பிளேன் மோடு’க்கு மாற்றினேன். லைன் இல்லை என்று உம்மாவிடம் பொய் சொன்னேன். எங்கள் ஊரில் அந்தப் பொய்க்குச் சாட்சி தேவையில்லை. உம்மா கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு மழையைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்காமல் நான் பாடப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, மனத்துக்குள் காக்காவைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டிருந்தேன். ஐந்து மணிக்குத் தேவாலயம். ஐந்தே காலுக்குப் பழப்புதர். ஆறு மணிக்கு அவரை மரப்பலகையில் உட்கார வைத்தேன்.

ஆறரைக்குக் கதவு படபடவென்று தட்டப்பட்டது. மேல்மாடிப் பெண்மணி மூச்சிரைக்கத் தம் கைப்பேசியை நீட்டினார். திரையில் காக்கா, பின்னால் சாம்பல்நிற அலமாரி.

“யாருக்கு என்ன ஆச்சு?” என்றார்.

“ஒண்ணும் ஆகலை காக்கா. நீங்க ஏன் மேலே போகலை?”

“பொய் சொல்லாதே. போன கப்பல்ல நான் இருந்தப்போ வாப்பாவுக்கு நெஞ்சு ஆபரேஷன் நடந்துச்சே, அன்னிக்கும் இதையேதானே எழுதினே? லைன் சரியில்லை, எல்லாரும் நலம், கூப்பிட வேண்டாம். அப்படியே மூணு வரி.”

உண்மைதான். கடலில் இருப்பவனுக்குக் கெட்ட செய்தி சொல்லக் கூடாது என்பது எங்கள் குடும்பங்களில் எழுதாத சட்டம். அவனால் பாதி வழியில் இறங்கி வர முடியாது. கேள்விப்பட்டுக் கலங்குவதைத் தவிர எதுவும் செய்ய முடியாது. ஆகவே மறைப்போம். வாப்பா மருத்துவமனையில் இருந்த பதினெட்டு நாளும் அப்படித்தான் மறைத்தோம். உம்மா சொல்லச் சொல்ல எழுதியவள் நான். சொற்களில் துல்லியமானவள் என்று வகுப்பில் பெயரெடுத்த நான், அதே மூன்று வரிகளை மறுபடி அனுப்பியிருக்கிறேன்.

எழுபது முறை அழைத்துப் பார்த்ததாகக் காக்கா சொன்னார். பிறகு நகர நடுவே பபேடானில் வாப்பா வேலை பார்க்கும் துணிக்கடைக்கு அழைத்தாராம். மழைக்காகக் கடையைச் சீக்கிரம் அடைத்திருந்தார்கள். அது அவர் பயத்தை இரட்டிப்பாக்கியது.

உம்மாவுக்கு அதற்குள் விளங்கிவிட்டது. “லைனை அறுத்தது நீயாடி? மலை காட்டப் போறேன்னு என் புள்ளையை அழ வச்சிட்டியே!”

“அவர் எதையாவது பாக்கட்டும்னுதான்மா...”

“அவன் உன்கிட்ட கேட்டானா?”

“சண்டை அப்புறம்,” என்றார் காக்கா. “வாப்பாவைக் காட்டு.”

வாப்பா கைப்பேசியை வாங்கிக் காதில் வைத்தார்.

“காதுல வேணாம் வாப்பா! தங்கச்சி, நீ பிடி. எந்திரிச்சு நடக்கச் சொல்லு. பழைய வீடியோ போட்டு ஏமாத்துறியோ என்னமோ.”

வாப்பா லோன்ஜிக் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கதவிலிருந்து ஜன்னல்வரை நடந்தார். திரும்பி வந்தார். “இன்னொரு தடவை,” என்றது கைப்பேசி. மறுபடி நடந்தார். உம்மாவும் எழுந்து, கேட்காமலேயே, பின்னால் நடந்தார். மேல்மாடிப் பெண்மணி சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் கைப்பேசி கனத்தது. கதவு தட்டப்பட்டதிலிருந்து பதினெட்டு நிமிடம் வீணாகிவிட்டதை எண்ணிக்கொண்டிருந்தேன்.

“காக்கா, இப்பப் புறப்பட்டா பாதி வழியாவது...”

“கப்பலுக்குப் போகவே நேரம் சரியா இருக்கும்மா. அடுத்த தடவை பாத்துக்கலாம்.”

அடுத்த தடவை இல்லை என்பது இருவருக்கும் தெரியும். அவர் நூலகத்தை விட்டு வெளியே வந்து, வை-ஃபை எட்டும் தூரம்வரை மெல்ல நடந்தார். காற்றின் இரைச்சலில் குரல் உடைந்து கேட்டது.

“அந்த மேட்டுல ஏறினா என்ன தெரியும்னு எழுதியிருந்தே?”

“எழுதினது உங்ககிட்டத்தானே இருக்கு.”

“படிக்க நேரமில்லை. நீயே சொல்லேன்.”

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. பனிக்கட்டியைக் குளிர்பானக் கடையில் மட்டும் பார்த்திருக்கும் நான், மலையடிவாரத்தில் நிற்பவருக்கு அந்த மலையை விவரிக்க வேண்டியிருந்தது. தேவாலயத்தைச் சொன்னேன், படிகளைச் சொன்னேன். “பழம் புளிக்குமா?” என்று கேட்டார். தெரியாது என்றேன். பலகைக்கு நான் வந்துசேர்வதற்குள் அவர் வை-ஃபை எட்டும் தூரத்தைக் கடந்துவிட்டார்.