தனகோடி நிரப்பிய தொட்டி

ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு பால்வாடியில் சமைப்பவள் தனகோடி. அதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளைகுட்டி கிடையாது. சாயங்காலம் வீட்டுக்குப் போனால், அவளே இருமினால்தான் அங்கே சத்தம்.

அதனால் அவளுக்குப் பொழுது விடிவதே காலை பத்து மணிக்குத்தான். அப்போதுதான் மரத்தடித் தொட்டியை நிரப்பிப் பிள்ளைகளை விடுவாள். செருப்புக் கம்பெனியில் வெட்டிப்போட்ட ஸ்பாஞ்சுத் துண்டு மிதக்கும், கல் முழுகும், ஓட்டைக் கொட்டாங்கச்சியில் எவ்வளவு மொண்டாலும் நிற்காது. இதையெல்லாம் அவள் சொல்லித் தரவில்லை. அதுங்களே கண்டுபிடித்து அவளிடம் வந்து கத்தும். அந்தக் கத்தல் காதில் விழுந்தால் போதும் அவளுக்கு.

வெயிலில் தொட்டி வெடித்துப்போனது. மக்பூல் அகமதுவின் காயலான் கடையிலிருந்து பாதியாக அறுத்த நீல ட்ரம் ஒன்றைத் தூக்கிவந்தாள். தோல் ஷாப்புக்கு ரசாயன மருந்து வந்த ட்ரம். இந்தப் பக்கம் எந்த வீட்டு வாசலில் அது இல்லை? மூன்று நாள் தேய்த்துக் கழுவினாள். தண்ணீர் ஊற்றி, முழங்கை வரை விட்டுப் பார்த்தாள். ஒன்றும் உறைக்கவில்லை.

மறுநாளே நாலு பிள்ளைகளுக்குக் கையெல்லாம் தடிப்பு. செருப்புக் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் சங்கீதா, கை தடித்த தன் பெண்ணைத் தூக்கிக்கொண்டு நேராக அவளிடம் வந்துவிட்டாள். நான் பார்த்துவிட்டுத்தானே விட்டேன், என் கையில் ஒன்றும் இல்லையே என்று தனகோடி மல்லுக்கு நின்றாள். சங்கீதா அந்தக் கையைப் பிடித்துத் திருப்பினாள்.

"பதினெட்டு வருஷம் சுண்ணாம்புக் குழியில தோலைப் பொரட்டுன கை அக்கா இது. இதுக்கு இன்னா தெரியும்?"

அன்றைக்கு வீட்டில் உலை வைத்துவிட்டு, தனகோடி விரலை அதில் நனைத்துப் பார்த்தாள். ஆவி வருவது கண்ணுக்குத் தெரிந்தது. விரலுக்குத் தெரியவில்லை.

பிள்ளைகள் சாப்பாட்டுக்கு மட்டும் வந்தார்கள். தண்ணீர் பக்கம் விடக்கூடாது என்று தாய்மார்கள் டீச்சரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். பத்து மணி வந்தது, போனது. ஒரு வாரம்.

எட்டாம் நாள், கம்பெனி பஸ் வரும் முன்பே சங்கீதாவைக் கூப்பிட்டு வந்தாள். மரத்தடியில் தனகோடிக்குக் கல்யாணச் சீராக வந்த அண்டா, நிறையத் தண்ணீர்.

"நீ கைய விட்டுப் பாரும்மா. என் கைய நான் நம்பல."

சங்கீதா விட்டாள். பஸ் ஹாரன் அடிக்கும்வரை எடுக்கவில்லை. "என் பொண்ணை விடு. மத்தவங்களுக்கு நான் சொல்ல முடியாது."

பத்து மணிக்கு அவ்வளவு பெரிய அண்டாவில் ஒரே ஒரு பிள்ளை விளையாடியது. தனகோடி பக்கத்தில் குந்தியிருந்தாள். அடுத்த நாள் விடிந்ததும், இன்னொரு பிள்ளையின் தாய் ஹெலன் வீட்டு வாசலில் போய் நின்றாள், அவள் கையைக் கேட்டு.