வலிக்கு எத்தனை போடுவது

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரருக்குத் தன் மனைவியிடம் எரிச்சல் வருவது ஒரே ஒரு விஷயத்தில்தான். உடம்புக்கு என்ன வந்தாலும் வாயைத் திறந்து சொல்ல மாட்டாள். கால் வீங்கி நொண்டி நடந்தாலும் இவராகப் பார்த்துக் கேட்க வேண்டும். கேட்டால், "அது கெடக்கட்டும்ங்க, நீங்க சாப்பிடுங்க" என்பாள்.

அது அவள் வேலை பழக்கிவிட்ட குணம். குடிநீர் வாரியத்தில் புகார் போனை எடுக்கிற மேசை அவளுடையது. மறுமுனையில் ஒருவர் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். "தண்ணி சுத்தமா வரலையா, இல்ல மெதுவா வருதா?" என்று இவள் நிதானமாகக் கேட்பாள். குதித்தவர் தரையில் இறங்கிவிடுவார். பெரிய குழாய் உடைந்தால்தான் 'உடனே' என்று எழுதுவாள். மற்றதெல்லாம் 'காத்திருக்கலாம்'. பழுது பார்க்க இருப்பவர்கள் நாலு பேர், எல்லோரையும் எல்லாவற்றுக்கும் விரட்டினால் நிஜமாகவே தவிக்கிறவனுக்கு யார் போவது என்பது அவள் கட்சி. அலுவலகத்தில் அவளுக்குக் 'கல்லுளிமங்கி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளே அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

மார்பில் கைக்குத் தட்டுப்பட்ட கட்டியைக்கூட அவள் அப்படித்தான் காத்திருக்க வைத்தாள். சொன்னபோது அது புற்றுநோயாக வளர்ந்திருந்தது. அன்றைக்கு அவர் அவளைத் திட்டித் தீர்த்தார். பிறகு கடைக்குப் போய், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதார்.

கீமோ ஆரம்பித்ததும் ஆஸ்பத்திரி நர்ஸம்மா அவள் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தார். தினமும் காலையில் அது கேட்கும். வலி எவ்வளவு, காய்ச்சல் உண்டா, குளிர் உண்டா, வாந்தி உண்டா. பத்துக்குள் ஒரு எண்ணைத் தொட வேண்டும்.

"வலி ஏழுக்கு மேல போனா என் கம்ப்யூட்டர்ல செவப்பு விழும்மா. நானே உங்களக் கூப்பிடுவேன். காய்ச்சல்னு போட்டா அப்பவே கெளம்பி வரச் சொல்லிடுவேன். இந்த மருந்துக்குக் காய்ச்சல் ஆகவே ஆகாது, மறைக்காம போடுங்க" என்றார் நர்ஸம்மா. அவர் பேசி முடிப்பதற்குள் மூன்று முறை மேசை போன் அடித்தது. அவருடைய டீ ஆறி ஆடை கட்டிக் கிடந்தது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள் அதையேதான் சொன்னாள். "பாவம்ங்க அந்தப் பொண்ணு, ஒத்த ஆளு. எத்தன பேரத்தான் பாக்கும்? இதுல நான் வேற போய் லைன அடைக்கணுமா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. தன்னை ஒருத்தி இப்படியும் வரிசையில் கடைசியாக நிறுத்திக்கொள்வாள் என்று அந்த மனுஷனுக்கு உறைக்கவில்லை. ஊரார் கண்ணையெல்லாம் சோதித்துப் பார்த்துப் பவர் சொல்கிறவர்தான், என்ன செய்ய!

உண்மையில் அந்த ஆப் வந்ததில் அவருக்குப் பெரிய நிம்மதி. முன்பெல்லாம் காலையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "ராத்திரி வலிச்சுதா? வாய்ப்புண் எப்படி இருக்கு?" என்று தோண்டித் தோண்டிக் கேட்பார். இப்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "போன்ல போட்டாச்சா?" என்பார்.

"போட்டாச்சுங்க."

அவ்வளவுதான். ஏதாவது இருந்தால் நர்ஸம்மா கூப்பிட்டிருப்பாரே என்று நம்பி அவர் பாட்டுக்குக் கடைக்குப் போய்விடுவார்.

அன்றைக்குக் காலையில் அவள் இரண்டு போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். "குளுருதா?" என்றார். "கொஞ்சந்தான்." "போட்டாச்சா?" "போட்டாச்சு, போயிட்டு வாங்க." மத்தியானம் அவர் சாப்பிட வந்தபோது அவளுக்கு இவரை அடையாளம் தெரியவில்லை. உடம்பு அனலாய்க் கொதித்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றார். ஒரு நாள்கூடச் சிவப்பு இல்லை. வலி இரண்டு, மூன்று, மறுபடி இரண்டு. இன்று காலையிலும் காய்ச்சல் இல்லை.

"ஐயா, நிஜமா எப்பலேருந்து குளிர் இருந்துச்சு? வலி எப்படி இருந்துச்சு? பக்கத்துல இருந்த நீங்க சொல்லுங்க" என்றார்.

"அதான், போன்ல..." என்று இழுத்தார். ஒரே கட்டிலில் படுத்து எழுந்த மனுஷனுக்கு அவள் வலி எவ்வளவு என்று தெரியவில்லை. கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது, கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் அவளுக்கு நினைவு திரும்பியது. வாயில் குழாய் இருந்ததால் பேச முடியவில்லை. நர்ஸம்மா குனிந்து, "அம்மா, யாரப் பத்தியும் யோசிக்காதீங்க. வலி எத்தன? வெரலக் காட்டுங்க" என்றார்.

அவள் நர்ஸம்மாவைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்ற கணவரைப் பார்த்தாள். பொய் சொல்ல இனி தெம்பில்லை என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. வலது கையை மெல்லத் தூக்கி ஐந்து விரலையும் விரித்தாள்.

"அஞ்சா?" என்றார் நர்ஸம்மா.

அவள் கண் இடது பக்கம் போனது. அந்தக் கையில் ஊசிக்குழாய் ஏற்றிப் பலகையோடு கட்டியிருந்தார்கள். அது கட்டிலை விட்டு எழவில்லை. அவருக்குச் சட்டென்று புரிந்தது. பலகையோடு அந்தக் கையைத் தாங்கிப் பிடித்து, மடங்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்துவிட்டார். அவள் கண்ணை மூடித் திறந்து ஆமாம் என்று காட்டினாள்.

"பத்துங்க" என்றார் அவர். "பத்துன்னு சொல்றா."

நர்ஸம்மா ஓடினார். மருந்து வந்தது, வலி அடங்கியது. அதற்குப் பிறகு அவள் கண் திறக்கவில்லை.